வேனுக்குள்ள எல்ஈடி: 299 ரூபா பாக்கெட்டும் கும்பகோணத்து பாய் கடையும்

கேரவன்னு சொன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் ஷூட்டிங்ல ஹீரோ ஏறி உக்காந்துக்குற பெரிய பஸ்தான் ஞாபகம் வரும், நம்மளது அந்த ரகம் இல்ல. பழைய டெம்போ டிராவலர். சித்தப்பா வச்சிருந்தாரு, அவருக்கு முட்டி வலி வந்ததும் என் தலையில கட்டிட்டாரு. பின்னாடி ரெண்டு வரிசை சீட்டை எடுத்துட்டு (ஆர்சில எழுதி வாங்கியாச்சு, அதுக்கு நடந்த நடை தனிக்கதை) பலகை அடிச்சு மெத்தை போட்டு, ஓரத்துல ஒத்தை கேஸ் அடுப்பு, தண்ணி கேன், ரெண்டு குட்டி ஃபேன். வலங்கைமான்ல இருந்து ராத்திரி கிளம்பி திங்களூர்ல போய் படுத்துட்டா காலைல நடை தொறந்ததும் சந்திரனை பாத்துட்டு ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர்னு ஒவ்வொண்ணா முடிச்சிக்கிட்டே போகலாம், லாட்ஜ் செலவு இல்ல, அப்பாயிக்கு மாடிப்படி ஏறுற வேலையும் இல்ல. அதுக்குத்தான் இந்த வண்டி.

இதுல மேல எட்டு ரூஃப் லைட்டு. ரெண்டு முனையிலயும் தொப்பி வச்சு ப்யூஸ் மாதிரி இருக்குமே, அந்த பல்பு, ஒவ்வொண்ணும் 10 வாட். அடுப்பு மேல ஒரு 8 வாட் குட்டி ட்யூப்லைட்டு, படுக்கை பக்கம் படிக்கிறதுக்கு ரெண்டு சின்ன லைட்டு. ட்யூப்லைட்டை தவிர எல்லாம் பழைய இழை பல்பு, மூடி எல்லாம் சூட்டுல வெந்து மஞ்சளாகி நடுவுல காபி கறை மாதிரி ஆயிடுச்சு. இது எரியுற வரைக்கும் எரியட்டும்னுதான் இருந்தேன், திருநள்ளாறு போற வரைக்கும்.

2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி. கூட்டம் எப்படி இருந்திருக்கும்னு சொல்லவே வேணாம், வண்டியை கோவில் பக்கமே விடல, ரொம்ப தள்ளி வயல் ஓரமா ஒரு திடல்ல போட சொல்லிட்டாங்க. நாங்க ஏழு பேரு. சாயங்காலம் ஏழு மணிக்கு போட்ட லைட்டை பன்னெண்டு மணிக்குத்தான் அணைச்சோம், ஃபேன் விடிய விடிய ஓடுச்சு. காலைல நளதீர்த்தத்துல குளிச்சு தரிசனம் எல்லாம் முடிச்சு வந்து சாவியை திருப்புனா, டிக்னு ஒரு சத்தம், அவ்ளோதான். ஆறு பேர் சேர்ந்து தள்ளி பாத்தோம், சேத்துல சக்கரம் அழுந்துனதுதான் மிச்சம். கடைசில பக்கத்துல நின்ன புதுச்சேரி வண்டி டிரைவர் ஒருத்தர் ஜம்பர் கேபிள் வச்சிருந்தாரு, அவரு புண்ணியத்துல கிளம்புனோம். சனி விட்டுதுன்னு நினைச்சா பேட்டரில வந்து உக்காந்துட்டாருன்னு மாமா ஊரு வர்ற வரைக்கும் சொல்லிட்டே வந்தாரு.

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டு பாத்தேன். எட்டு பல்பு, பத்து பத்து வாட், மொத்தம் 80 வாட். 12 வோல்ட்டால வகுத்தா ஆறரை ஆம்பியருக்கு மேல. அஞ்சு மணி நேரத்துக்கு 33 ஆம்பியர் அவர் லைட்டு மட்டுமே தின்னிருக்கு, ஃபேன் கணக்கு தனி. வண்டியில இருக்குறது 75 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஸ்டார்ட் பண்றதுக்கான பேட்டரி, பாதி வரைக்கும் உறிஞ்சுனா அதுக்கு ஆகாது. அதே இடத்துல ஒண்ணரை வாட் எல்ஈடி எட்டு போட்டா மொத்தமே 12 வாட், ஒரு ஆம்பியர். அஞ்சு மணி நேரத்துக்கு அஞ்சு ஆம்பியர் அவர்தான். இதை பாத்ததும் அன்னைக்கு ராத்திரியே ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். பத்து எல்ஈடி ஒரு பாக்கெட், 299 ரூபா. சூப்பர் பிரைட்டுன்னு படம் போட்டிருந்தான். கடை பேரு வேணாம், அந்த மாதிரி நூறு பேர் விக்கிறாங்க.

பாக்கெட் பொங்கலுக்கு முன்னாடி வந்துச்சு. மூடியை கழட்டி பழசை எடுத்துட்டு புதுசை மாட்டுனா எட்டுல மூணு எரியல. கோவத்துல உக்காந்து ஒரு ஸ்டார் போட்டு நாலு வரி திட்டி எழுதிட்டேன். இப்ப மனசாட்சிப்படி சொல்றேன், அந்த மூணுல தப்பு என்னோடது. இழை பல்புக்கு எந்த பக்கம் பிளஸ் எந்த பக்கம் மைனஸ்னு எல்லாம் கிடையாது, எப்படி போட்டாலும் எரியும், எல்ஈடி அப்படி இல்ல, கரண்ட் ஒரே பக்கமாத்தான் போகும். எரியலன்னா எடுத்து திருப்பி போடணும், அவ்ளோதான் விஷயம். எனக்கு அது தெரியாம மூணையும் குப்பையில போட்டுட்டு பாக்கெட்ல மிச்சம் இருந்த ரெண்டையும் எடுத்து மாட்டி, ஒரு லைட்டுல பழைய பல்பையே திரும்ப வச்சு, ஆச்சுடான்னு உக்காந்தேன்.

வெளிச்சம் என்னமோ பளிச்சுன்னுதான் இருந்துச்சு. ஆனா என்ன வெளிச்சம் அது! ஆஸ்பத்திரி பொணவறை மாதிரின்னு வீட்டுக்காரம்மா மொத நாளே சொல்லிட்டாங்க. கும்பகோணத்துல பித்தளை டபரால வாங்கிட்டு வந்து உள்ள உக்காந்து குடிச்ச டிகிரி காபி சாம்பல் கரைச்ச தண்ணி மாதிரி தெரிஞ்சுது, புளியோதரை பச்சையா தெரிஞ்சுது. ஒரு காபி கலரை காட்டத்தெரியாத லைட்டு எங்களுக்கு எதுக்கு. சரி, கரண்ட் மிச்சமாச்சேன்னு பொறுத்துக்கிட்டோம்.

அடுத்த வாரம் வேளாங்கண்ணி போனோம். போறப்ப பகல், லைட்டு போடல. திரும்பி வர்றப்ப இருட்டிடுச்சு, பசங்க பின்னாடி சீட்டு ஆடிக்கிட்டு எல்லா லைட்டையும் போட்டுக்கிட்டு வந்தாங்க. நாகப்பட்டினம் தாண்டுறப்ப ஒண்ணு மின்ன ஆரம்பிச்சுது, திருவிழா சீரியல் செட் மாதிரி. திருவாரூர் வர்றதுக்குள்ள ரெண்டு அவுட்டு. குடவாசல்ல டீக்கு நிறுத்துறப்ப இன்னொண்ணு. தொட்டு பாத்தா கை வைக்க முடியல, எல்ஈடி சூடே ஆகாதுன்னு எவன் சொன்னான்னு தெரியல. இதுல ரேடியோ வேற. காரைக்கால் பண்பலை நல்லா எடுத்துக்கிட்டு இருந்தது, பின்னாடி லைட்டை போட்டா கொர்ர்ருன்னு இரைச்சல், அணைச்சா பாட்டு. மொதல்ல ஆன்டெனா போச்சுன்னு நினைச்சேன்.

அப்புறம்தான் பாய் கடைக்கு போனேன். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல இருந்து மகாமகக் குளம் பக்கம் வர்ற வழியில, லாரி, பஸ்சு, டூரிஸ்ட் வேன் எலக்ட்ரிகல் வேலை பாக்குற கடை. பேரு போடலாமான்னு கேட்டேன், வேணாம் தம்பி, இருக்குற கூட்டத்தையே பாக்க முடியலன்னுட்டாரு, அதனால போடல. போனது மாசி மகத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, அது என் கிரகம், 2016 மகாமகம் அளவுக்கு இல்லன்னாலும் குளத்தை சுத்தி வண்டி நகரல.

கடைல பல்பு கேட்டதும் எடுத்து குடுத்துட்டு காசை வாங்கிப்பாருன்னு பாத்தா, மொத கேள்வி, "வண்டி 12ஆ 24ஆ?" 12 தான் பாய்னேன். "இன்ஜின் ஓடுறப்ப எவ்ளோ வருதுன்னு பாத்தியளா?" பாக்கல. மீட்டரை எடுத்துக்கிட்டு வந்து லைட்டு ஹோல்டர்லயே வச்சாரு. இன்ஜின் ஆஃப்ல 12.6. ஸ்டார்ட் பண்ணி லேசா ஆக்சிலேட்டர் குடுக்க சொன்னாரு, 14.2. இதுதான் உங்க பல்பை கொன்னதுன்னாரு.

அவரு சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன். ஒரு வெள்ளை எல்ஈடி சுமாரா 3 வோல்ட் எடுத்துக்கும். மலிவு பல்புல மூணு எல்ஈடியை வரிசையா கோத்து, கூட ஒரு ரெசிஸ்டர் (கரண்டை மட்டுப்படுத்துற சின்ன சாமான்) வச்சிருப்பான், வேற ஒண்ணும் கிடையாது. மூணும் சேர்ந்து 9 வோல்ட், 12 வந்தா மிச்சம் 3 வோல்ட்தான் ரெசிஸ்டர் மேல விழும், அதுக்கு ஏத்த கரண்ட் ஓடும். இப்ப 14.2 வந்துதுன்னு வைங்க, எல்ஈடி எடுத்துக்குறது பெருசா மாறாது, மிச்சம் இருக்குற 5 வோல்ட்டுக்கு மேல மொத்தமும் ரெசிஸ்டர் தலையில. கரண்ட் ஒண்ணரை மடங்குக்கு மேல ஏறிடும். ரெண்டு வோல்ட்தானே கூடுச்சுன்னு நாம நினைக்கிறோம், பல்புக்கு அது மூணுல ரெண்டு பங்கு கூடுதல். மூடி போட்ட டப்பாக்குள்ள காத்து இல்லாம அந்த சூட்டுல எவ்ளோ நேரம் உயிரோட இருக்கும். இழை பல்புக்கும் இந்த 14 வோல்ட் வந்துச்சுதான், ஆனா அது சூட்டுலயே எரியுற ஜாதி, கொஞ்சம் ஆயுசு குறையும், மத்தபடி தாங்கிக்கும்.

சொன்னா நம்பமாட்டேன்னு நினைச்சாரோ என்னமோ, கடை வாசல்ல ஒரு லாரிக்கு ரெண்டு பேட்டரி சார்ஜ்ல போட்டிருந்தாரு, ரெண்டையும் சேர்த்து 24 ஆக்கி, என் பாக்கெட் பல்பு ஒண்ணை எடுத்து வச்சாரு. பளீர்னு ஒரு நீல வெளிச்சம், ஒரு சின்ன புகை, கதை முடிஞ்சுது. அப்புறம் அவரு டப்பால இருந்து ஒரு பல்பு. 12ல வச்சாரு, எரிஞ்சுது. 24ல வச்சாரு, அதே வெளிச்சம், ஒரு பொட்டு கூடல குறையல. உள்ள குட்டியா ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கு, 10 வோல்ட்டுல இருந்து 30 வரைக்கும் எது வந்தாலும் எல்ஈடிக்கு போற கரண்டை ஒரே அளவுல வச்சுக்கும்னாரு. திருப்பி போட்டாலும் எரியுது, அதுக்கும் உள்ளயே வழி பண்ணியிருக்கான். ஒண்ணு 110 ரூபா. பாக்கெட்ல ஒண்ணு முப்பது ரூபா கூட வரல, நாலு மடங்கு வித்தியாசம், இருந்தும் அந்த புகையை பாத்ததுக்கு அப்புறம் நான் பேரம் பேசல.

பேரம் பேசாததுக்கு இன்னொரு காரணம், கலர். வெள்ளை, மஞ்சள் ரெண்டும் வச்சிருக்காரு, 6500 கெல்வின், 3000 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தை சொல்ற அளவு). நான் கேக்குறதுக்கு முன்னாடியே, ராத்திரி எங்க நிறுத்துவீங்கன்னு கேட்டாரு. கோவில் பக்கம், பெரும்பாலும் வயல் ஓரம்னேன். அப்ப மஞ்சள்தான்னு எடுத்து வச்சிட்டாரு. திருநள்ளாறுல சம்பா பயிர் நின்ன நேரம், பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் உள்ள பூந்து சாம்பார்ல விழுந்து மெதந்ததை அப்பதான் நினைச்சு பாத்தேன். புகையானுக்கு நம்ம ஆளுங்க வயல்லயே விளக்குப்பொறி வைக்கிறாங்க, நான் வண்டியையே விளக்குப்பொறியா ஆக்கி வச்சிருந்திருக்கேன். பழைய பல்புக்கே அவ்ளோ வந்துச்சு, அந்த வெள்ளை எல்ஈடிக்கு இன்னும் எவ்ளோ வந்திருக்கும்! ஏன்னா வெள்ளை எல்ஈடின்னு ஒண்ணு தனியா கிடையாது, அடியில இருக்குறது நீல எல்ஈடிதான் (அதை உருவாக்குனதுக்குத்தான் ஜப்பான்ல பொறந்த மூணு பேருக்கு 2014ல நோபல் குடுத்தாங்க), மேல மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையா காட்டுறாங்க. பளிச்சுன்னு இருக்குற வெள்ளைல நீலம் ஜாஸ்தி தப்பிச்சு வரும், பூச்சிக்கு அந்த நீலம்தான் அழைப்பிதழ். மஞ்சள்ல வரவே வராதுன்னு இல்ல, கம்மியா வரும். மழை விட்ட அன்னைக்கு ஈசல் எதுக்கும் அடங்காது, அது வேற விஷயம், அன்னைக்கு லைட்டை அணைச்சிட்டு மொட்டு மொட்டுன்னு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

மாட்டுற வேலை பத்தி. நீங்களே மாட்டலாம், பெரிய வித்தை இல்ல. ஆனா நீளம் முக்கியம். 31, 36, 39, 41 மில்லின்னு பல அளவுல வருது, எங்க வண்டில 41. பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வச்சு அளந்துட்டு போனேன், அதை மட்டும் நான் உருப்படியா செஞ்சேன். பாக்கெட்ல வந்தது 39, அதனாலதான் கிளிப்புல ஆடிக்கிட்டே இருந்திருக்கு, மின்னுனதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்னாரு பாய். கிளிப்பை பாத்தா பச்சை பாசி புடிச்ச மாதிரி களிம்பு. வேளாங்கண்ணி, நாகூர்னு கடல் காத்துல நிறுத்தி நிறுத்தி வந்தது. உப்புத்தாளை சின்னதா கிழிச்சு எட்டு ஹோல்டரையும் தேய்ச்சு, கிளிப்பை கொஞ்சம் உள்பக்கமா வளைச்சு விட்டு அப்புறம்தான் பல்பை வச்சாரு. அதுக்கு முன்னாடி லைட்டு ப்யூஸை உருவி பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு, கிளிப்பை வளைக்கிறப்ப ஸ்க்ரூடிரைவர் பாடில பட்டா தீப்பொறிதான்.

ட்யூப்லைட்டு மட்டும் கொஞ்சம் வேலை வாங்குச்சு. அதுக்குள்ள ஒரு சோக் இருக்கு, 12 வோல்ட்டை ட்யூப் எரியுற அளவுக்கு பெரிய வோல்ட்டா ஏத்தி குடுக்கும். சிலர் அந்த சோக்கை அப்படியே விட்டுட்டு ட்யூப் இருந்த முனையில எல்ஈடி பட்டையை ஒட்டுறாங்களாம், உடனே போயிடும், கையில பட்டா ஷாக்கும் அடிக்கும். சோக்கை முழுசா கழட்டி போட்டுட்டு நேரா பேட்டரி ஒயரை எல்ஈடி தகட்டுக்கு குடுத்தாரு, நடுவுல ஒரு சின்ன ரெகுலேட்டர். அடுப்பு மேலங்கிறதால பல்புக்கு மேல இருந்த பிளாஸ்டிக் மூடி எண்ணெய் பிசுக்கு ஏறி கருத்திருந்துச்சு, அதை வீட்டுல சீயக்கா போட்டு கழுவுங்க, பாதி வெளிச்சம் அதுலயே வரும்னாரு. உண்மைதான், வந்துச்சு.

ரேடியோ இரைச்சல் போச்சான்னு கேட்டா, தொண்ணூறு சதவீதம். ட்யூப் இடத்துல போட்ட ரெகுலேட்டர் மட்டும் ஸ்டேஷன் சரியா எடுக்காத இடத்துல லேசா உறுமுது. ஒயர்ல ஒரு கருப்பு காந்த மணி மாதிரி ஒண்ணு மாட்டி விட்டாரு, குறைஞ்சுது, முழுசா போகல. சமைக்கிறப்ப ரேடியோவை அணைச்சிட்டா போச்சு.

செலவு: எட்டு பல்பு 880, ட்யூப் வேலைக்கு சாமானோட 250, படிக்கிற லைட்டு ரெண்டும் 180, கூலி 300, மொத்தம் 1610, பத்து ரூபா விட்டு 1600 வாங்குனாரு. ஹெட்லைட்டு, இண்டிகேட்டர்னு வெளிய இருக்குற எதுலயும் கை வைக்கல, நானும் கேக்கல. எதிர்ல வர்றவன் கண்ணை அவிச்சிட்டு போற ஆளுங்க நம்ம ரோட்டுல ஏற்கனவே போதும்.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சித்திரை வெயில்ல நாள் பூரா வெளிய நின்னிருக்கு, பல்பு ஒண்ணே ஒண்ணு போச்சு, கதவு பக்கத்துல இருந்தது, எடுத்துட்டு போனேன், ஒண்ணும் கேக்காம வேற குடுத்தாரு. திரும்பவும் திருநள்ளாறு போய் ராத்திரி தங்கி பாத்தோம், அதே ஏழு பேரு, அதே பன்னெண்டு மணி வரைக்கும் சீட்டு, காலைல மொத திருப்புலயே ஸ்டார்ட். மாமாவுக்கு கொஞ்சம் ஏமாத்தம்தான்னு நினைக்கிறேன், சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம போச்சு.

அப்பாயிக்குத்தான் இந்த மாத்தம் பிடிக்கல. மார்கழில தேங்காண்ணெய் உறைஞ்சு போகும்ல, அவங்க என்ன பண்ணுவாங்கன்னா பாட்டிலை படுக்கை பக்கத்து பழைய லைட்டு மூடி மேல சாய்ச்சு வச்சிடுவாங்க, கோவிலுக்கு கிளம்புறதுக்குள்ள உருகி இருக்கும். எல்ஈடி போட்டதுக்கு அப்புறம் விடிய விடிய வச்சாலும் பாட்டில் அப்படியே கட்டியா நிக்குது. என்னடா லைட்டு இது, ஒரு சூடு சொரணை இல்லன்னு திட்டிட்டு, இப்ப பாட்டிலை டேஷ்போர்டு மேல வெயில்ல வைக்கிறாங்க.

பாய் கடைல குறைன்னு பாத்தா ரெண்டு. பில் கிடையாது, சிகரெட் அட்டை பின்னாடி எழுதி குடுக்குறதுதான் வாரண்டி, அதை பத்திரமா வச்சுக்குறது நம்ம பொறுப்பு. ரெண்டாவது நேரம். அரை மணின்னு சொன்னாரு, மூணு மணி நேரம் ஆச்சு, நடுவுல ஒரு டவுன் பஸ் வந்து ஹாரன் அடிக்கலன்னதும் என் வண்டியை அப்படியே தொங்க விட்டுட்டு அங்க போயிட்டாரு. டிரிப் இருக்குற பஸ்சு, அவரை சொல்லி குத்தம் இல்ல, ஆனா குழந்தைங்களை கூட்டிட்டு போகாதீங்க. காலைல ஒன்பது மணிக்கு முன்னாடி போனா சீக்கிரம் வேலை முடியும், வெள்ளிக்கிழமை மதியம் பூட்டிடுவாரு, மூணு மணிக்கு மேலதான் திரும்ப தொறப்பாரு. பெரிய வண்டின்னா கடை வாசல்ல நிறுத்த இடம் இல்ல, சந்து முனையிலயே போட்டுட்டு நடந்து போய் கூப்பிடுங்க, மீட்டரை எடுத்துக்கிட்டு அவரே வருவாரு.